ஒன்றுக்கு

பய்சாந்தூவில் ஜூலை. ஆற்றிலிருந்து ஏறிவந்த பனி
கிளினிக் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்க்கிறது.
ஒரே பெஞ்சில் இரண்டு பேர்.
ஒருவர் மடியில், ஒன்றுக்கு வராத ஒன்று.
மற்றவர் காலடியில், ஒன்றுக்குப் போய்த் தீராத ஒன்று.

எவுலோஹியோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
மீன் வாங்கும் கூடையில் பூனையைக் கொண்டுவந்திருக்கிறார்.
ஒபிஸ்போ என்று பெயர். பிஷப். கழுத்து மட்டும் வெள்ளை.
"இரண்டு நாளாய் முக்குகிறான் டாக்டர்.
மலச்சிக்கல் என்று நினைத்து
மூன்று ஸ்பூன் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினேன்."
வயிற்றைத் தொட்டேன்.
இறுகிய ஆரஞ்சு ஒன்று கையில் இடறியது.
இன்னும் ஒரு பகல் போயிருந்தால்
எண்ணெயையும் தேட வேண்டாம், என்னையும் தேட வேண்டாம்.

மயக்க ஊசி. நூலைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்.
உள்ளே மணல் நெருடுகிறது.
உப்புநீரைப் பீய்ச்சி, பின்வாங்கி, மறுபடி பீய்ச்சி,
திரும்பாத பூட்டிடம் பேசுவதுபோல் பேசினேன்.
அப்புறம்
எஃகுத் தட்டில் அந்தச் சத்தம்.
சிவந்த நீர்தான். ஆனாலும்
எவுலோஹியோ தொப்பியைக் கழற்றினார்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு.
சவப்பெட்டி மூடிபோல் இருந்தால் ஒரு வகைப் படிகம்,
கடித உறைபோல் இருந்தால் இன்னொன்று.
சவப்பெட்டிகள்தான் நல்ல செய்தி.
உணவை மாற்றித் தண்ணீரைக் கூட்டினால் கரைந்துவிடும்.
உறைகள் கரையாது; கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.
ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார் கிழவர்.
"அத்தனையும் சவப்பெட்டி!" என்றார். சிரித்தேவிட்டார்.
தனக்கும் மூன்று கல் வந்ததாம்.
தீப்பெட்டிக்குள் பஞ்சில் பத்திரமாம்.

இதற்குள் நெலிதாவின் கருப்பு நாய்
தரை துடைக்கும் வாளியைக் கண்டுபிடித்துவிட்டது.
"கார்போன்! வெட்கமில்லை உனக்கு?"

இடுப்பின் இருபுறமும் மயிர் உதிர்ந்திருக்கிறது.
தொங்கும் வயிறு. வெங்காயச் சருகாய்த் தோல்.
இந்தக் குளிரிலும் மூச்சிரைக்கிறது.
தலைக்குள் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி,
அதில் கடுகளவு கட்டி இருக்கலாம்; காரம் குறைவதில்லை.
மேலே அது ஆணையிட
சிறுநீரகங்களின் தலைமாட்டில் அட்ரீனல் இரண்டும்
ஆபத்து, ஆபத்து என்று இரவு பகலாய்ச் சுரக்கின்றன.
வீட்டில் ஆபத்து ஒன்றும் இல்லை.
நாளைக் காலை கூட்டி வாருங்கள்,
எட்டு மணி நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும்,
அதுவரை இது என் கைகளின் ஊகம்தான், என்றேன்.
இன்றிரவு முழுக்கத் தண்ணீர் வையுங்கள்.

"தண்ணீரா?"
நெலிதா கைப்பையின் கொக்கியைத் திறந்தாள். மூடினாள்.
கம்பளம் பாழாகிறது என்று
மூன்று வாரமாய், மாலை ஆறு அடித்ததும்
கிண்ணத்தை அலமாரியின் உச்சியில் வைத்துவிடுகிறாள்.
"பூந்தொட்டித் தட்டை நக்கினான்.
கழிப்பறைக் கோப்பையை. ஜன்னலில் வழிந்த ஈரத்தை.
திருட்டுப் புத்தி என்று
செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஏழு வருடம் முன்பு தீத்தா என்றொரு பெட்டை நாய்.
விருந்தாளி வந்தால் சுருண்டுவிடும், போனால் தேறும்.
இதற்குச் சுரந்து தீரவில்லை; அதற்குச் சுரப்பே வற்றிக்கொண்டிருந்தது.
சோடியம் பார்க்கவில்லை நான்.
வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன்,
சோறும் அவித்த கோழியும் என்று எழுதினேன்.
பேரப்பிள்ளைகள் கூடிய ஒரு ஞாயிறு.
அந்தத் தாளில் அதற்கு மேல் எழுத்து இல்லை.

எவுலோஹியோ எழுந்தார்.
யாரையும் கேட்காமல் எஃகுக் கிண்ணம் ஒன்றை எடுத்து
விளிம்புவரை குழாய்த் தண்ணீர் பிடித்து
சிந்தாமல் கொண்டுவந்து நாயின் முன் வைத்தார்.

கார்போன் உடனே குடிக்கவில்லை.
முதலில்
நெலிதாவின் முகத்தைப் பார்த்தது.